பந்தியும் பங்கும்: மலையகத் தமிழ் இலக்கியத்தை முன்னிறுத்திக் கூடியுண்ணல் பற்றிய ஒரு நோக்கு

1

உற்றாரும் நண்பரும் ஒருங்கிருந்து உண்பது அவர்களிடையேயுள்ள பிணைப்பை வலுப்படுத்தும் என்பது நம்மிடையே பரவலாக நிலவும் கருத்து. விருந்தோம்பலைத் தமிழரின் தனிச்சிறப்பாகப் போற்றும் மேடைப்பேச்சுகளும் பாடநூற் கட்டுரைகளும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. கருத்து முற்றிலும் பிழையானதன்று. ஒரே பானையிற் சமைத்ததைப் பகிர்ந்துண்டவர்களிடையே நெருக்கம் ஏற்படுவது யாவரும் அறிந்த அனுபவம். ஆயின் அந்த நெருக்கம் எத்தகைய நிலைமைகளில் உருவாகின்றது, எவரை உள்ளடக்குகின்றது, எவ்விடத்தில் வலுவிழக்கின்றது ஆகிய வினாக்களை எழுப்பாதவரை அக்கருத்து வெறும் நல்லெண்ண வாசகமாகவே எஞ்சிவிடும்.

இக்கட்டுரையில் கண்டி நகரைச் சூழ்ந்த மலைநாட்டையும் அங்கு வாழ்ந்த மக்களின் இலக்கியத்தையும் முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய முற்படுகிறோம். தமிழகக் கிராமங்களில் இலங்கைத் தோட்டப்பகுதி முழுவதுமே 'கண்டிச்சீமை' என்று வழங்கியது. அப்பெயருக்குள் பிழைப்பு என்னும் நம்பிக்கையும் பிரிவு என்னும் துயரமும் ஒருங்கே அடங்கியிருந்தன. அந்நிலத்தில் அடுப்பும் பந்தியும் அடைந்த மாற்றங்களைப் புரிந்துகொள்வது, உறவு என்று நாம் வழங்கும் சொல்லின் பொருளாதார அடித்தளத்தைப் புரிந்துகொள்வதற்கு உதவும்.

உணவுண்ணும் காட்சி இலக்கியத்தில் இடம்பெறும்போது திறனாய்வாளன் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். தானியம் எவ்வழியாக அவ்வீட்டை அடைந்தது? அடுப்படியில் நின்றவர் யார்? பந்தியில் இடம்பெறாதவர் யார்? பண்பாடு, அன்பு, விருந்து என்னும் சொற்கள் இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே தெளிவுபெறும்.

2

பண்டைத் தமிழிலக்கியத்திலேயே கூடியுண்ணல் ஒருதன்மைத்தாக அமையவில்லை. தொல்காப்பியம் வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகப் 'பெருஞ்சோற்று நிலை'யைக் கூறுகின்றது. போருக்குப் புறப்படும் வேந்தன் வீரர்க்கு அளிக்கும் சோறு அது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு சேரமான் பெருஞ்சோற்றுதியஞ் சேரலாதனை அவனளித்த சோற்றின் பெயராலேயே போற்றுகின்றது. இங்கு ஒருங்கிருந்து உண்போரிடையே பிணைப்பு உருவாவது உண்மையே. ஆனால் அப்பிணைப்பு சமநிலையானதன்று. உண்டவன் தலைவனுக்கு உயிரைக் கடன்பட்டவன் ஆகிறான். பிற்காலத்தில் 'செஞ்சோற்றுக் கடன்' என வழங்கிய கருத்தாக்கம் இவ்வுறவின் இயல்பை ஒளிவுமறைவின்றி வெளிப்படுத்துகின்றது. உணவு அன்பின் அடையாளமாகத் தோன்றும் அதே கணத்திற் கடனின் பத்திரமாகவும் அமைந்துவிடுகின்றது.

இதற்கு மறுதலையான குரலும் அத்தொகையிலேயே உண்டு. தனித்து உண்ணாதவர்கள் இருப்பதனாலேயே இவ்வுலகம் நிலைபெறுகின்றது என்று கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி கூறும் 182ஆம் பாட்டு யாவரும் அறிந்தது. அதனினும் நமக்கு முக்கியமானது 163ஆம் பாட்டு. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், அதனை உறவினர்க்கும், வறுமைக்காலத்திற் கைம்மாற்றுத் தந்தவர்க்கும், இன்னார் இனியார் என நோக்காது யாவர்க்கும் கொடுக்குமாறு தம் மனைவிக்குக் கூறுகிறார். தம்மைக் கலந்தாலோசிக்கவும் வேண்டுவதில்லை என்கிறார். புலவர் குடியின் வறுமை இப்பாட்டின் பின்னணி. கைம்மாற்றுக் கொடுத்து ஒருவரையொருவர் தாங்கிய சுற்றமே அங்கே பங்குக்கு உரியதாகிறது. வேந்தனின் பெருஞ்சோறு மேலிருந்து கீழே இறங்குகின்றது. பெருஞ்சித்திரனாரின் பங்கோ அண்டை வீட்டிலிருந்து அண்டை வீட்டுக்குச் செல்கின்றது. இவ்விரு மரபுகளையும் 'தமிழர் விருந்தோம்பல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்குவது வரலாற்று நோக்குக்கு ஒவ்வாது.

மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபி இவ்வகையில் இன்னொரு கட்டத்தைக் குறிக்கின்றது. மணிபல்லவத்தில் கிடைத்த அக்கலம் பசித்தோர் அனைவர்க்கும் வரையாது உணவளிக்கின்றது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. பசியே அறத்தின் முதற் பொருள் என்று துணிந்து கூறிய காப்பியம் அது. ஆயினும் வற்றாத உணவு உழைப்பிலிருந்து வராது ஒரு தெய்வீகக் கலத்திலிருந்து வருகின்றது. உற்பத்தியை மாற்றியமைக்கும் வழி புலப்படாத சமுதாயத்தில், பகிர்வு பற்றிய கனவு அற்புதத்தின் வடிவத்தையே எடுக்க முடிந்தது எனலாம்.

3

கண்டிப் பிரதேசத்தின் சிங்களக் கிராம வாழ்வையும் ஈண்டு நோக்குதல் பொருத்தமுடையது. தேயிலைத் தோட்டங்கள் தோன்றுமுன் அம்மலைச் சாரல்களின் பள்ளத்தாக்குகளில் நெல் விளைவித்தவர்கள் அம்மக்களே. 'அத்தம்' எனப்படும் கைமாற்றுழைப்பு முறையில் ஒருவர் வயலில் மற்றவர் உழைத்தனர். வயல் வேலையின் நடுவே கொண்டுவரப்பட்ட 'அம்புல' என்னும் மதிய உணவை உழைத்தவர் அனைவரும் வரம்பில் அமர்ந்து உண்டனர். இங்கே கூட்டுணவு கூட்டுழைப்பின் தொடர்ச்சியாக அமைகின்றது. இதனை இலட்சியமயப்படுத்தவும் கூடாது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அக்கால உணவுப் பழக்கங்களை விரிவாக விவரிக்கிறார். கணவன் உண்ணும்போது மனைவி பரிமாறி நின்றதையும், அவன் உண்டு முடித்த பின்னரே அவள் உண்டதையும் அவர் குறிப்பிடுகின்றார். சாதி வேறுபாட்டினால் உணவுறவு வரையறுக்கப்பட்டிருந்ததையும் அந்நூலால் அறிகிறோம்.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்து கண்டிய மலைக்கிராமம் ஒன்றை ஆராய்ந்த மானிடவியலாளர் நூர் யால்மன், 1967இல் வெளிவந்த தமது நூலில் அடுப்பு என்பதே குடும்பத்தின் எல்லையை நிர்ணயித்தமையைக் காட்டினார். தனியடுப்பு மூட்டினால் தனிக் குடும்பம். ஒருத்தி ஒருவனுக்குச் சமைத்துப் போடுவதே அவர்களிடையேயுள்ள மணவுறவை ஊரறியச் செய்தது. உணவு உறவின் அடையாளமாக மட்டுமன்றி உறவாகவே கருதப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். ஆனால் நொக்ஸ் கண்ட காட்சியும் யால்மன் கண்ட காட்சியும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: உறவை ஆக்கும் அடுப்பின் உழைப்பு முழுவதும் பெண்ணின்மீதே சுமத்தப்பட்டிருந்தது.

4

1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து மலைநாட்டின் பொருளாதாரம் புதியதொரு கட்டத்துள் நுழைந்தது. கோப்பிக் காலந்தொட்டே மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளைக்கு நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர், இப்போது தோட்டங்களில் நிலையாகக் குடியமர்த்தப்பட்டனர். ஊரில் அவர்களுக்கிருந்த வயல், களம், முற்றம் யாவும் பின்தங்கின. எஞ்சியது லயத்தின் ஒற்றைக் காம்பராவும் அதன் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பும். சமையல், படுக்கை, பிரசவம், நோய், சாவு அனைத்தும் அவ்விடத்துக்குள்ளேயே நிகழவேண்டியிருந்தன.

முதற் கேள்விக்கு இங்கே விடை தேடுவோம். தானியம் எவ்வழியாக வந்தது? தொழிலாளி நெல்லை விளைவிக்கவில்லை. தோட்ட நிர்வாகம் அரிசியை வழங்கி அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. இந்தியத் தொழிலாளருக்கென 1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் அரிசி வழங்கலையும் சம்பளத்தோடு இணைத்தே ஒழுங்குபடுத்தியது. கங்காணியின் கையிலிருந்த 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டபோதும் கடனின் பிடி தளரவில்லை. பானையில் விழும் ஒவ்வொரு பிடி அரிசியும் செக்றோலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. பெருஞ்சோற்றின் கடன் உயிரால் தீர்க்கப்பட்டது. தோட்டத்து அரிசியின் கடன் கொழுந்தால் தீர்க்கப்பட்டது.

இரண்டாவதாக, நேரம். அதிகாலைப் பெரட்டுக்கு ஆணும் பெண்ணும் போயாகவேண்டும். பெண் அதற்கும் முன்னரே எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்து மலையேறவேண்டும். கணவன் கவ்வாத்து மலையில் நிற்பான். மனைவி கொழுந்து மலையில் நிற்பாள். பிள்ளை வேறிடத்தில் இருக்கும். மூவரும் ஒருங்கே அமர்வதற்கு இரவு ஒன்றே எஞ்சும். அவ்விரவிலும் அவள் அடுப்படியிலேயே நிற்பாள். குடும்பம் ஒருங்கே உண்ணாமை இங்கு மனப்பாங்கின் குறைபாடன்று. உழைப்பு நேரத்தின் அமைப்பு அதனை அனுமதிக்கவில்லை.

மலையக இலக்கியத்தின் சிறந்த படைப்புகள் இந்நேரக் கொடுமையை உணர்ந்தே எழுந்துள்ளன. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' பெண்ணொருத்தி பறித்த கொழுந்தின் நிறையை மையமாகக் கொண்டது. உழைப்பு இறாத்தலாக அளவிடப்படும் உலகில் மனித மதிப்பும் தராசிலேயே தொங்குவதை அக்கதை உணர்த்துகின்றது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' ஒற்றைக் காம்பராவின் இட நெருக்கடி குடும்ப உறவையே எவ்வாறு சிதைக்கின்றது என்பதைத் துணிவுடன் சொன்னது. ஒருங்கிருத்தல் தன்னளவில் நெருக்கத்தை வளர்ப்பதில்லை என்பதற்கு அக்கதையினும் வலுவான சான்று வேண்டுவதில்லை. இடமின்மையால் திணிக்கப்பட்ட நெருக்கம் நாணத்தையும் கசப்பையும் விளைவிக்கின்றது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இப்புனைகதைகளுக்கு முற்பட்ட கூட்டுக் குரலை நமக்குப் பேணித் தந்துள்ளது. ஊரையும் உறவையும் இழந்த ஏக்கம் அப்பாடல்களில் திரும்பத்திரும்ப ஒலிக்கின்றது.

எனினும் மூன்றாவது கேள்வியை எழுப்பும்போது இவ்விலக்கியத்தின் எல்லையும் புலனாகின்றது. பந்தியில் இடம்பெறாதவர் யார்? பட்டினியை எழுதிய நம் எழுத்தாளர்கள், இருந்த சோறு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதைப் பெரும்பாலும் எழுதவில்லை. கணவனும் பிள்ளைகளும் உண்டபின் பானையின் அடியிற் கிடந்ததை உண்ட தாய், தியாகத்தின் வடிவமாகவே நம் கதைகளிற் பொதுவாகக் காட்சியளிக்கிறாள். தியாகம் என்னும் சொல் அவளுடைய பசியை மூடி மறைக்கின்றது. தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை அடுத்தே கிடைத்தது. சம்பளத்தில் வென்றெடுத்த அச்சமத்துவம் அடுப்படியை எட்டவில்லை என்பதைக் கூறும் எழுத்து, பெண்ணின் துயரத்துக்கு இரங்கும் எழுத்தைவிட ஆழமானதாக இருக்கும்.

5

துயரம் ஒன்றே இம்மக்களின் வரலாறு என்று கொள்வதும் தவறு. லயத்தில் ஒரு சாவு நேர்ந்தால் அவ்வீட்டில் உலை ஏற்றப்படாது. அயற் காம்பராக்களிலிருந்து சோறும் சாயத்தண்ணியும் வந்து சேரும். ஏற்றுமதிக்கு உதவாத தூளில் ஊற்றிய அந்தச் சாயத்தண்ணியிற் கடன் கணக்கு இல்லை. இன்று கொடுத்தவள் நாளை பெறுவாள். பெருஞ்சித்திரனார் கண்ட சுற்றம் இங்கே தொடர்கின்றது. 1940 ஜனவரியில், லூல்கந்துரவுக்கு அண்மையிலுள்ள மூலோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அத்தகைய போராட்டங்களில் சம்பளமின்றி நாள்களைக் கடத்தத் தொழிலாளருக்கு இருந்த ஒரே களஞ்சியம் அண்டை வீட்டுப் பானை ஆகும். சங்கத்தின் ஒற்றுமை மேடையில் அறிவிக்கப்பட்டது. அதன் அன்றாட வலு இஸ்தோப்பில் உருவாயிற்று.

1844இல் பாரிஸில் எழுதிய கைப்படிகளில் மார்க்ஸ் இதனை ஒத்த ஓர் அவதானிப்பைச் செய்துள்ளார். தொழிலாளர் ஏதோவொரு நோக்கத்துக்காகக் கூடுகின்றனர். ஆனால் கூடியபின் அக்கூட்டுறவே அவர்களுக்கு ஒரு தேவையாகிவிடுகின்றது. உண்பதும் பருகுவதும் கூடுவதற்கான சாக்காக இருக்கும் நிலை மறைந்து, மனிதர் மனிதரோடு இருத்தலே நோக்கமாகின்றது என்பது அவர் கருத்தின் சாரம். விருந்தோம்பல் பற்றிய பழைய அறவுரை காணத் தவறியது இதுவே. கூடியுண்ணல் நன்மை பயப்பது உண்பவர்கள் ஒருவருக்கொருவர் சமமாக நிற்கும்போதுதான்.

அச்சமத்துவம் தமிழரிடையே எளிதிற் கிடைத்ததன்று. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டமை 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரும் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. தமிழக அரசியலின் போக்கையே அச்சிக்கல் பாதித்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனம், சமபோசனம் என்னும் கோரிக்கைகள் எழுந்தபோது கடும் எதிர்ப்பு மூண்டது. கண்டி மலைகளில் தமிழ்ப் பெண்கள் பறித்த கொழுந்தே யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளுக்கும் சென்றது. அங்கே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே இருக்கை மறுக்கப்பட்டது. சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வழங்கப்பட்டது. 1966 முதல் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் அந்நிலைமையை எதிர்த்து எழுந்தவை. 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' அப்போராட்ட காலத்தின் இலக்கியப் பதிவாகும். ஒரு குவளைத் தேநீரை அடுத்தவனோடு சமமாக அமர்ந்து அருந்துவதற்கு மனிதர் உயிரையும் விலையாகக் கொடுக்க நேர்ந்தது என்பதை நினைவுகூரும்போது, 'உணவு மனிதரை ஒன்றுசேர்க்கும்' என்னும் வாசகத்தின் போதாமை விளங்கும். ஒன்றுசேர்வதற்கான உரிமையைப் போராடிப் பெற்ற பின்னரே உணவு மனிதரை ஒன்றுசேர்த்தது.

தோட்டங்களிற் சாதி மறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒரே மலையில் உழைத்து ஒரே குழாயில் நீரெடுக்க நேர்ந்தமையால் உணவுத் தீட்டு பெருமளவு தளர்ந்தது. மணவுறவிற் சாதி நீடித்தது. கூட்டுழைப்பு எட்டிய எல்லையும் எட்டாத எல்லையும் இதனால் தெளிவாகின்றன.

6

1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது. ஒரே அடுப்பில் உண்டவர்களுள் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் இலங்கையராகவும் பிரிக்கப்பட்டனர். தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர். அரசுகள் செய்த பங்கீடு வீடுகளின் பந்தியைப் பிரித்த வரலாறு இது. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினிச் சாவுக்குள் தள்ளியது. அரிசியும் மாவும் கிடையாது, வேலைநாள்களும் குறைந்த நிலையில், தொழிலாளர் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி நகர்களின் தெருக்களிற் கையேந்த நேர்ந்தது. தானியமே இல்லாதபோது பகிர்வின் அறம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அவ்வாண்டுகள் சாட்சி.

இனங்களுக்கிடையிலான உணவுறவையும் இங்கே குறிப்பிடவேண்டும். புத்தாண்டில் பாற்சோறும் தீபாவளியிற் பலகாரமும் கிராமத்துக்கும் லயத்துக்குமிடையே கைமாறிய வழக்கம் மலைநாட்டில் நெடுங்காலமாக உண்டு. 1977இலும் 1983இலும் வன்முறை மூண்டபோது அத்தட்டுகளின் பரிமாற்றம் அதனைத் தடுத்து நிறுத்தவில்லை. அயலவரைத் தம் வீட்டில் மறைத்துவைத்து உணவளித்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன, அம்மனிதம் போற்றற்குரியது. ஆயினும் நிலமற்ற விவசாயியின் பசி, நாடற்ற தொழிலாளிக்கு எதிராகத் திருப்பப்பட்ட சூழலில் தனிமனிதரின் நல்லுறவு மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. இருவர் பசிக்கும் மூலமாயிருந்த தோட்டப் பொருளாதாரத்தை இருவரும் சேர்ந்து எதிர்கொண்டிருந்தால் பலகாரத் தட்டின் பொருளும் வேறாகியிருக்கும்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடி அவ்வுயர்வின் பெறுமதியை விழுங்கியது. இளைஞர்கள் கொழும்பின் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலைக்குச் சென்றுவிட்டனர். பிறர் உண்பதற்குப் பரிமாறும் மகன், தன் தாயோடு அமர்ந்துண்பது தீபாவளிக்கு ஊர் திரும்பும்போதுதான். அவ்விருந்தும் 'தீபாவளி முற்பண'த்தில் நிகழ்கின்றது. பண்டிகைக்குக் கொடுக்கப்படும் அப்பணம் பின்வரும் மாதங்களின் சம்பளத்திற் சிறிதுசிறிதாகக் கழிக்கப்படுகின்றது. ஆண்டில் ஒருமுறை குடும்பம் ஒருங்கே உண்பதற்கும் தோட்டத்திடம் கடன்படவேண்டியுள்ளது என்னும் இவ்வொரு செய்தி, ஒரு நாவலுக்குரிய கருவைத் தன்னுள் கொண்டுள்ளது. அந்நாவலை எழுதுபவர், இலையில் என்ன இருந்தது என்பதோடு நின்றுவிடாது, முற்பணத்துக்குக் கையெழுத்திட்டவர் யார், அதிகாலையிற் கறி ஆக்கியவர் யார், கடைசியில் உண்டவர் யார் என்பவற்றையும் எழுதுவார் என எதிர்பார்க்கிறோம்.

உறவும் நட்பும் கூடியுண்ணலால் வலுப்பெறும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குத் தானியம் வேண்டும், ஓய்வு வேண்டும், அமர்வதற்கு இடம் வேண்டும், சமைத்தவரும் சமமாக அமரவேண்டும். இவை ஒவ்வொன்றும் கூலி, வேலைநேரம், வீடு, சாதி, பெண்ணுரிமை ஆகியவை பற்றிய போராட்டங்களோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளன. இப்பிணைப்பைப் படைப்புகளிற் கண்டறிந்து காட்டுவதும், அது மறைக்கப்படும் இடங்களைச் சுட்டுவதும் மலையக இலக்கியத் திறனாய்வின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.